வளையத்தில் இணையம்: ஆர்பிஆர் முதல் ஜி.8032 வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நகரத்துக்குள் ஃபைபர் போடுகிறவர்கள் பெரும்பாலும் வளையமாகத்தான் போடுகிறார்கள். சாலை தோண்டும் எந்திரம் ஓர் இடத்தில் கேபிளை அறுத்தாலும் மறுபக்கமாக வழி இருக்கும் என்பதுதான் காரணம். ஆனால் ஃபைபர் வளையமாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. அறுந்ததை யார் கண்டுபிடிப்பது, எவ்வளவு நேரத்துக்குள், பாக்கெட்டை யார் திருப்பிவிடுவது, அப்படித் திருப்பும் நேரத்தில் மேலே இருக்கும் ஐபி என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் பொது விதியாக எழுதப்பட்டிருந்தால்தான் ஒரு கம்பெனியின் பெட்டியும் இன்னொரு கம்பெனியின் பெட்டியும் ஒரே வளையத்தில் ஒத்துப்போகும்.

அப்படி எழுதப்பட்ட இரண்டு விதிகள்தான் தலைப்பில் உள்ளவை: பழைய ஆர்பிஆர், இன்றைய ஜி.8032. இந்த வழிகாட்டி ரூட்டர், சுவிட்ச், விலான், ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) ஓரளவு தெரிந்தவர்களுக்கானது. இதில் நான் எங்கே சுற்றினாலும் ஒரே இடத்துக்குத்தான் வருவேன்: வளையத்தில் வெட்டு விழுந்தால் முதலில் வளையம் தன் வேலையை முடிக்க வேண்டும், ஐபி அதற்குப் பிறகுதான் அசைய வேண்டும். இந்த வரிசை குழம்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் உதவாது.

தனியாக ஒரு தரம், அதாவது பொது விதி, ஏன் தேவைப்பட்டது

1990-களில் தொலைபேசிக் கம்பெனிகளிடம் இருந்தவை சோனெட், எஸ்டிஹெச் என்ற ஃபைபர் அனுப்புமுறைகளின் வளையங்கள். வெட்டு விழுந்தால் 50 மில்லி நொடிக்குள் மறுபக்கம் மாறிவிடும், பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. அந்த வசதிக்குக் கொடுத்த விலை பெரியது. வளையத்தின் பாதிக் கொள்ளளவு ஆபத்துக்கென்று ஒதுக்கப்பட்டு மற்ற நேரமெல்லாம் சும்மா கிடந்தது. அதோடு எல்லாமே நிலையான சர்க்யூட்டுகள், ஓர் இடத்தில் டிராஃபிக் இல்லை என்றால் அந்த இடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

மறுபக்கம் ஈதர்நெட் மலிவு, கொள்ளளவையும் வீணாக்காது, ஆனால் வளையம் என்றாலே அதற்கு ஆகாது. ஈதர்நெட் பிரேமில், அதாவது அது அனுப்பும் தரவுப் பொட்டலத்தில், ஆயுள் எண் கிடையாது, சுற்ற ஆரம்பித்தால் நிற்காது. அதைத் தடுக்க வந்த ஸ்பேனிங் ட்ரீ என்ற நெறிமுறை இரண்டு கருவிகளுக்கு நடுவே உள்ள ஒரு துண்டை மூடிவைக்கும். வெட்டு விழுந்தால் அதன் பழைய வடிவமான 802.1டி மீண்டு எழ 30 முதல் 50 நொடி ஆகும். பின்னால் வந்த ராபிட் ஸ்பேனிங் ட்ரீ வேகமானதுதான், ஆனால் பெரிய வளையத்தில் 50 மில்லி நொடிக்கு உத்தரவாதம் தராது.

வளையத்தில் ஐபி ஓட்டுவது அப்போதே புதிதல்ல. எஃப்டிடிஐ என்ற 100 மெகாபிட் ஃபைபர் வளையத்தின் மேல் ஐபி-யும் ஏஆர்பி-யும் (ஐபி முகவரிக்கு உரிய கருவி முகவரியைக் கேட்டறியும் முறை) எப்படிப் போக வேண்டும் என்று 1993-இலேயே இணையத் தர அமைப்பான ஐஇடிஎஃப்-இன் ஆவணம் ஆர்எஃப்சி 1390 சொல்லிவிட்டது. அதில் டோக்கன் என்ற உரிமைச் சீட்டு கையில் இருப்பவர் மட்டுமே அனுப்பலாம், அனுப்பிய பிரேம் முழு வட்டம் சுற்றி அனுப்பியவரிடமே வந்து நீக்கப்படும், இரண்டாவது வளையம் மாற்றுக்காகக் காத்திருக்கும். ஒரு கட்டடத்துக்கோ ஒரு வளாகத்துக்கோ அது சரி. ஒரு நகரம் முழுக்கக் கிகாபிட் கணக்கில் ஓட வேண்டும் என்றால் போதாது.

சிஸ்கோ முதலில் தன் சொந்த வழியைக் கொண்டுவந்தது. எஸ்ஆர்பி என்ற அந்த நெறிமுறையை 2000 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2892-ஆக வெளியிட்டது. அது தகவலுக்கான ஆவணம் மட்டுமே, தரம் அல்ல. அதே காலகட்டத்தில் ஈதர்நெட் போன்ற தரங்களை எழுதும் ஐஇஇஇ-யில் 802.17 குழு தொடங்கியது, பெயர் ரெசிலியன்ட் பாக்கெட் ரிங், சுருக்கமாக ஆர்பிஆர். அங்கே இரண்டு பெரிய முன்மொழிவுகள் மோதின. ஒன்றின் பெயர் கேண்டால்ஃப், மற்றொன்று அலாதீன். 2002 தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்து டார்வின் என்ற ஒரே வரைவு உருவானது, 2004-இல் அது ஐஇஇஇ 802.17 தரமாக வெளிவந்தது. இதற்கு இணையாக ஐஇடிஎஃப்-இலும் ஆர்பிஆர் மேல் ஐபி-யை எப்படி வைப்பது என்று பார்க்க ஒரு பணிக்குழு இருந்தது. இந்த வேலைப் பிரிவினை முக்கியம். பிரேம் எப்படிச் சுற்றும் என்பது ஐஇஇஇ-யின் எல்லை, அந்தப் பிரேமுக்குள் ஐபி எப்படி உட்காரும் என்பது ஐஇடிஎஃப்-இன் எல்லை. நம் ஊரில் பிஎஸ்என்எல் தன் மல்டிப்ளே அகலப்பட்டைச் சேவைக்கு டிஸ்லாம்களில் (தொலைபேசிக் கம்பி வழி அகலப்பட்டை இணைப்புகளைச் சேர்க்கும் பெட்டிகளில்) இருந்து வரும் போக்குவரத்தைத் திரட்ட ஆர்பிஆர் சுவிட்சுகளைத்தான் போட்டது, ஆகவே இது எங்கோ ஆய்வகத்தில் முடிந்துபோன கதை இல்லை.

படி 1: வெட்டையும் சேர்த்து வரைபடம் போடுங்கள்

ஆர்பிஆர் வளையத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு ரிங்லெட்டுகள் உண்டு, 0, 1 என்று பெயர். இரண்டிலுமே சாதாரண நேரத்தில் டேட்டா ஓடும், மாற்றுக்கென்று எதுவும் சும்மா இருக்காது. எஸ்டிஹெச்-இல் இருந்து இதுதான் பெரிய விலகல். தரம் 255 நிலையங்கள், அதாவது வளையத்தில் உட்காரும் கருவிகள், வரை அனுமதிக்கிறது. நடைமுறையில் அவ்வளவு போடாதீர்கள், ஏன் என்பது கீழே வரும் கணக்கிலேயே தெரியும்.

ஒரு 10 கிகாபிட் வளையம், 8 நிலையங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிலையமும் தன் பக்கத்து நிலையத்துக்கு மட்டும் அனுப்பினால் ஒரு ரிங்லெட்டில் 80, இரண்டிலும் சேர்த்து 160 கிகாபிட் ஒரே நேரத்தில் ஓடும். பிரேம் போய்ச் சேரும் இடத்திலேயே நீக்கப்படுவதால் அதற்கப்பால் உள்ள துண்டு அடுத்தவருக்குக் காலியாகக் கிடைக்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் சமமாக அனுப்பினால், சராசரியாக ஒரு பிரேம் 16/7, அதாவது ஏறக்குறைய 2.3 துண்டுகளைக் கடக்கும், ஆகவே மொத்தம் 70 கிகாபிட் போல வரும். விற்பனைக் காகிதங்களில் இந்த எண்களைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் இணையச் சேவை வளையத்தில் டிராஃபிக் அப்படி ஓடுவதில்லை. ஒரே ஒரு நிலையத்தில் மேலே போகும் இணைப்பு இருக்கும், மற்ற 7 நிலையங்களும் அதற்குத்தான் அனுப்பும், அதில் இருந்துதான் வாங்கும். அந்த நிலையத்தை ஹப் என்போம். ஹப்புக்குள் நுழைவது இரண்டு துண்டுகள் மட்டுமே, ஆக 20 கிகாபிட், அவ்வளவுதான். ஹப்பை ஒட்டிய துண்டு அறுந்தால் 10. ஆகவே உங்கள் உச்ச நேர ஹப் டிராஃபிக் 10-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் வளையம் பாதுகாப்பாக மாறிய பிறகும் வாடிக்கையாளர்கள் கத்துவார்கள். திட்டத்தைச் சாதாரண நாளுக்குப் போடாதீர்கள், ஹப்பை ஒட்டிய வெட்டுக்குப் போடுங்கள். ஒவ்வொரு துண்டும் அறுந்தால் எந்தத் துண்டில் எவ்வளவு ஏறும் என்று 8 வரி அட்டவணை போட்டால் அரை மணி நேர வேலை, அதைச் செய்யாமல் கருவி வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

அப்புறம், ஃபைபர் உண்மையிலேயே வளையமா என்று போய்ப் பாருங்கள். காகிதத்தில் வட்டமாக இருக்கும், களத்தில் ஒரு பாலத்தின் மேல் போவதும் வருவதும் ஒரே குழாயில் கிடக்கும். அங்கே ஒரு வெட்டு இரண்டு வெட்டுக்குச் சமம். தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ நொடி எடுக்கும், 200 கிலோமீட்டர் வளையத்தை முழுதாகச் சுற்ற 1 மில்லி நொடி.

படி 2: பிரேமில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆர்பிஆர் பிரேமில் ஈதர்நெட்டைப் போலவே 48 பிட் முகவரிகள்தான். கூடுதலாக வருபவைதான் விஷயம். டிடிஎல் என்ற ஆயுள் எண் ஒவ்வொரு நிலையத்தைக் கடக்கும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பிரேம் நீக்கப்படும். ஈதர்நெட்டில் இல்லாத இந்த ஒரு பைட்தான் வளையத்தைத் திறந்தே வைத்திருக்கும் தைரியத்தைத் தருகிறது, எந்தத் துண்டையும் மூடவேண்டிய அவசியமே வராது. பிறகு எந்த ரிங்லெட்டில் கிளம்பியது, எந்தச் சேவை வகுப்பு, நியாயப் பங்கீட்டுக்கு உட்பட்டதா, வெட்டு வந்தால் திரும்பி வளைய அனுமதி உண்டா என்பதற்கெல்லாம் தனித்தனி பிட்டுகள். தலைப்புக்கு மட்டும் தனியாக ஒரு பிழைச் சரிபார்ப்பும் உண்டு.

எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் பிரேமை ஒரு திசையில் முழு வட்டம் அனுப்பலாம், அல்லது இரண்டு திசையிலும் பாதிப் பாதியாக அனுப்பி நடுவில் டிடிஎல் தீர்ந்து நிற்கும்படி செய்யலாம்.

பிரேம் அளவில் கவனம் தேவை. சாதாரணப் பிரேமின் உச்சம் 1616 பைட், ஜம்போ என்றால் 9216. ஜம்போவுக்கு வளையத்தில் உள்ள எல்லா நிலையங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒன்று மறுத்தாலும் முழு வளையமும் சாதாரண அளவுக்கு இறங்கும். ஐபி எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 என்றால் எந்தக் கவலையும் இல்லை. எம்பிஎல்எஸ் (லேபிள் பார்த்துப் பாக்கெட்டை அனுப்பும் முறை) லேபிள்கள், விலான் குறிகள் எல்லாம் அடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலிலேயே கூட்டிப் பாருங்கள்.

படி 3: நிலையங்கள் ஒன்றையொன்று அறியட்டும்

இங்கே நீங்கள் செய்யவேண்டியது குறைவு. ஒவ்வொரு நிலையமும் தன்னைப் பற்றியும் தன் இரண்டு பக்கத் துண்டுகளின் நிலையைப் பற்றியும் எல்லோருக்கும் அறிவிக்கும், அதைக் கேட்டு ஒவ்வொன்றும் முழு வளையத்தின் படத்தைத் தானே வரைந்துகொள்ளும். தலைமை நிலையம் என்று எதுவும் கிடையாது.

நிலையத்தின் இரண்டு வளையப் போர்ட்டுகளைக் கிழக்கு, மேற்கு என்பார்கள். கேபிள் மாட்டும்போது கிழக்கை மேற்கில் செருகிவிட்டால் ரிங்லெட் எண் பொருந்தாமல் போய் அந்தத் துண்டு பிழை காட்டும். எல்லா நிலையங்களிலும் படத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே நிலையங்கள், அதே வரிசை, அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் மேலே போகாதீர்கள்.

படி 4: ஐபி-யை மேலே வையுங்கள்

ஐபி பார்வையில் முழு வளையமும் ஒரே பிராட்காஸ்ட் இணைப்பு, ஒரே சப்நெட். பிரேமில் உள்ள நெறிமுறை வகை எண் ஈதர்நெட்டில் உள்ளதேதான், ஐபிவி4-க்கு ஹெக்ஸாவில் 0800, ஏஆர்பி-க்கு 0806, ஐபிவி6-க்கு 86டிடி. ஏஆர்பி கேள்வி வளையம் முழுக்கப் போகும், பதில் கேட்டவருக்கு மட்டும் வரும். பதில் வந்த முகவரிக்கு எந்தத் திசை குறுக்கு வழி என்பதை ஐபி யோசிக்க வேண்டாம், ஆர்பிஆர் தன்னிடம் உள்ள படத்தைப் பார்த்து ரிங்லெட்டைத் தேர்ந்துகொள்ளும். திசை தேர்வது கீழ் அடுக்கின் வேலை என்று பிரித்துக் கொடுத்ததால்தான் வெட்டு வரும்போது ரூட்டிங் அட்டவணையில் ஒரு வரிகூட மாறாமல் இருக்க முடிகிறது.

முடிந்தால் ரூட்டரையே நேரடியாக வளையத்தில் உட்கார வையுங்கள். நிலையம் வெறும் பிரிட்ஜாக இருந்து அதற்குப் பின்னால் வேறு கருவிகள் இருந்தால், அந்தக் கருவிகளின் முகவரி எந்த நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று 2004 தரத்தில் வளையத்துக்குத் தெரியாது, ஆகவே அந்தப் பிரேம்கள் வளையம் முழுக்கப் பரவும், படி 1-இல் கணக்குப் போட்ட இட மறுபயன்பாடு (பிரேம் இறங்கிய இடத்துக்கு அப்பால் உள்ள துண்டு அடுத்தவருக்குக் கிடைப்பது) காணாமல் போகும். இதைச் சரிசெய்யத்தான் 2007-இல் 802.17பி என்ற திருத்தம் வந்தது. ரூட்டர் நேரடியாக நிலையமாக இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

ஓஎஸ்பிஎஃப் போடும்போது இது பல ரூட்டர்கள் உள்ள பிராட்காஸ்ட் இணைப்பு என்பதை மறக்காதீர்கள். 8 ரூட்டர்கள் எல்லோரும் எல்லோருடனும் முழு உறவு வைத்தால் 28 உறவுகள், அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக நிற்கும் டிஆர், அதற்கு மாற்றான பிடிஆர் என்ற இரண்டு ரூட்டர்களுக்கான தேர்தல். நல்ல சிபியு உள்ள இரண்டு நிலையங்களுக்கு முன்னுரிமை எண்ணைக் கூட்டி மற்றவற்றுக்கு 0 கொடுங்கள்.

இனி யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வெட்டு விழுந்தால் வளையம் இரண்டு துண்டாகிவிடும், ஆனால் இரண்டு துண்டும் அதே சப்நெட்டைத்தான் வெளியே அறிவித்துக்கொண்டிருக்கும். வெளியில் இருந்து வரும் பாக்கெட் தவறான துண்டுக்குள் நுழைந்தால் அங்கேயே மடியும், இன்டர்ஃபேஸ் எல்லா இடத்திலும் உயிரோடு இருப்பதால் எச்சரிக்கையும் வராது. இதற்கு என் பரிந்துரை: ஹப் நிலையங்கள் இரண்டு, வளையத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கட்டும், அந்த இரண்டும் வளையத்துக்கு வெளியே வேறு வழியாக இணைந்திருக்கட்டும், அப்புறம் எந்தச் சேவையையும் வளைய சப்நெட் முகவரியில் கட்டாமல் ஒவ்வொரு ரூட்டரின் /32 லூப்பேக் முகவரியில் (எந்தப் போர்ட்டையும் சாராத, அந்த ரூட்டருக்கே உரிய முகவரி) கட்டுங்கள். வளையம் பிளந்தாலும் லூப்பேக்குக்கான வழியை ஓஎஸ்பிஎஃப் சரியான பக்கமாகக் கண்டுபிடித்துவிடும்.

படி 5: வகுப்பு பிரியுங்கள், ஒதுக்கீட்டைக் குறைவாக வையுங்கள்

ஆர்பிஆர்-இல் மூன்று வகுப்புகள். ஏ என்பது தாமதமும் நடுக்கமும் குறைவாக இருக்க வேண்டியது. பி என்பது இவ்வளவு நிச்சயம், மேலே கிடைத்தால் லாபம் என்ற வகை. சி என்பது கிடைத்ததை எடுத்துக்கொள்ளும் சாதாரண இணையம். ஐபி பாக்கெட்டில் போடும் முன்னுரிமைக் குறிகளில் இதற்கு நேரான பொருத்தம் இருக்கிறது: ஈஎஃப் குறியிட்ட குரல் ஏ-க்கு, ஏஎஃப் வகைகள் பி-க்கு, குறி இல்லாதவை சி-க்கு. ரூட்டிங் நெறிமுறைகளின் பாக்கெட்டுகளைச் சி-யில் விட்டுவிடாதீர்கள், வளையம் நெரியும் நேரத்தில்தான் அவை போய்ச்சேர வேண்டும்.

ஏ வகுப்புக்குள்ளேயே ஏ0, ஏ1 என்று இரண்டு உண்டு. ஏ0-வாக ஒதுக்கிய கொள்ளளவு அந்த ரிங்லெட் முழுக்கக் கழிக்கப்படும், நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் வேறு யாரும் தொட முடியாது. 8 நிலையங்கள் ஒவ்வொன்றும் 200 மெகாபிட் ஏ0 கேட்டால் 10-இல் 1.6 கிகாபிட் போய்விட்டது, மற்ற எல்லோருக்கும் 8.4 மட்டும். விட்டொழித்த எஸ்டிஹெச் பழக்கத்தை இந்த வழியாக மறுபடி உள்ளே கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஏ1-இல் ஒதுக்கினால் பயன்படாத நேரத்தில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் அளவு நிலையத்தில் உள்ள இரண்டாவது கடவு வரிசையின் (கடந்துபோகும் பிரேம்கள் காத்திருக்கும் இடத்தின்) நினைவகத்தைப் பொறுத்தது. எனவே ஒத்திசைவுக் கடிகாரம் போன்ற, தாமதத்தைச் சிறிதும் தாங்காத போக்குவரத்துக்கு மட்டும் கொஞ்சம் ஏ0, குரலுக்கு ஏ1, மற்றபடி பி-யும் சி-யும் என்று போவது நல்லது.

வெட்டுக்குப் பிறகு ஒரு ரிங்லெட்டின் ஒதுக்கீடுகள் மறு ரிங்லெட்டுக்குத் தாவும், அங்கேயும் அவற்றுக்கு இடம் இருக்க வேண்டும். படி 1-இல் போட்ட அட்டவணையில் இதற்கு ஒரு நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: நியாயப் பங்கீட்டைப் புரிந்துகொண்டு இயக்குங்கள்

ஆர்பிஆர்-இன் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வளையத்துக்குள் ஏறிவிட்ட பிரேமை இடையில் உள்ள நிலையம் கைவிடக் கூடாது, கடந்துபோவதற்கு வழிவிட வேண்டும் என்பது விதி. நல்ல விதி, ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். ஹப்புக்கு மிக அருகில் இருக்கும் நிலையத்தின் வழியாகத்தான் தூரத்தில் உள்ள எல்லோரின் டிராஃபிக்கும் போகிறது. அவர்கள் துண்டை நிரப்பிவிட்டால் அருகில் இருப்பவருக்குத் தன் பிரேமை நுழைக்க இடைவெளியே கிடைக்காது. மேல்மடைக்காரர் வாய்க்காலை முழுக்கத் திருப்பிக்கொண்டால் கடைமடை காய்வதைப் போலத்தான், இங்கே காய்வது ஹப்புக்குப் பக்கத்து நிலையம்.

இதற்குத் தரம் சொல்லும் தீர்வு: நெரிசலை உணரும் நிலையம் எனக்கு இவ்வளவுதான் கிடைக்கிறது, நீங்களும் இதற்கு மேல் போடாதீர்கள் என்று ஒரு விகிதத்தை எதிர்த் திசை ரிங்லெட் வழியாக மேல்மடைக்கு அனுப்பும். கேட்டவர்கள் பி வகுப்பின் உபரியையும் சி வகுப்பையும் அந்த அளவுக்கு இறக்குவார்கள். ஏ-யும் பி-யின் நிச்சயப் பகுதியும் இதில் வராது. ஆக்ரோஷமானது, நிதானமானது என்று இரண்டு முறைகள் உண்டு. ஆக்ரோஷ முறை வேகமாக எதிர்வினை செய்யும், ஆனால் நிலையங்களின் சுமை சமமாக இல்லாதபோது விகிதம் மேலும் கீழும் ஊசலாடக்கூடும். இதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஓரிரு நிலையங்கள் மட்டும் அதிகச் சுமை தரும் வளையம் என்றால் நிதான முறையை முயன்று பாருங்கள்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் எடை கொடுக்கலாம். 5,000 வீடுகளுக்குச் சேவை தரும் நிலையத்துக்கும் 500 வீட்டு நிலையத்துக்கும் ஒரே எடை 1 என்று விட்டால் கருவி அளவில் நியாயம், மக்கள் அளவில் அநியாயம். அதை மாற்றுவது ஒரு வரி வேலை, பலர் செய்வதே இல்லை.

படி 7: வெட்டு வந்தால் யார் முதலில்

தரத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஸ்டியரிங்: வெட்டுச் செய்தி வந்ததும் ஒவ்வொரு நிலையமும் தன் படத்தைத் திருத்தி, எந்த முகவரிக்கு எந்தத் திசை என்று மறுபடி தீர்மானிக்கும். இது கட்டாயம். இன்னொன்று ராப்பிங்: வெட்டை ஒட்டிய நிலையம் வந்த பிரேமை அப்படியே எதிர் ரிங்லெட்டுக்கு மடக்கிவிடும், சிஸ்கோவின் எஸ்ஆர்பி செய்தது இதைத்தான். இது விருப்பத் தேர்வு. ராப்பிங்கில் வழியில் இருக்கும் பிரேம்கள் குறைவாகவே இழக்கப்படும், ஆனால் பாதை நீளும், ஒரே துண்டில் போவதும் திரும்புவதுமாகக் கொள்ளளவு வீணாகும். இணையப் போக்குவரத்துக்கு ஸ்டியரிங் போதும் என்பேன், சில பாக்கெட்டுகள் போனால் டிசிபி மறுபடி அனுப்பிக்கொள்ளும்.

இப்போது நேரக் கணக்கு. வளையம் 50 மில்லி நொடிக்குள் மீளும். ஓஎஸ்பிஎஃப்-இன் இயல்பான டெட் டைமர் (பக்கத்து ரூட்டர் இறந்துவிட்டது என்று முடிவுகட்டும் நேரம்) 40 நொடி, அது கவனிக்கவே போவதில்லை, நல்லது. பிரச்சினை பிஎஃப்டி போடும்போது வருகிறது, அது பக்கத்து ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சிறு செய்தி அனுப்பிப் பார்க்கும் நெறிமுறை. 10 மில்லி நொடிக்கு ஒன்று, மூன்று தவறினால் இறப்பு என்று வைத்தால் 30 மில்லி நொடியில் பிஎஃப்டி அலறும், ஓஎஸ்பிஎஃப் உறவை அறுக்கும், 20 மில்லி நொடி கழித்து வளையம் சரியாகிவிடும், ஆனால் அதற்குள் ரூட்டிங் அட்டவணை முழுக்கக் கலைந்து மறுபடி கட்டப்படும். 50 மில்லி நொடியில் முடியவேண்டிய விஷயம் பல நொடிகள் இழுக்கும். வளையத்தின் மேல் பிஎஃப்டி போட்டால் 100 மில்லி நொடி, மூன்று முறை, அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கீழ்ப்பக்கமும் இதே கேள்வி உண்டு. ஆர்பிஆர் எஸ்டிஹெச் மேலேயும் ஓடும், ஈதர்நெட் இயற்பியல் அடுக்கின் மேலேயும் ஓடும். கீழே எஸ்டிஹெச் தனக்கென்று பாதுகாப்பு வைத்திருந்தால் இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள், அல்லது ஆர்பிஆர்-இன் காத்திருப்பு நேரத்தைக் கீழ் அடுக்கு முடிக்கும் அளவுக்கு நீட்டுங்கள். ஒரே வெட்டுக்கு இரண்டு அடுக்கும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் இரண்டுமே ஆடும்.

படி 8: வாடிக்கையாளரை ஏற்றும் முன் அறுத்துப் பாருங்கள்

நொடிக்கு 1000 சிறு பாக்கெட்டுகளைச் சீராக அனுப்புங்கள், ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒரு மில்லி நொடி என்று எண்ணிக்கொள்ளலாம். சாதாரண பிங் நொடிக்கு ஒன்றுதான் அனுப்பும், அதில் இழப்பு தெரியவில்லை என்பதற்காகச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு துண்டில் இரண்டு இழையையும் உருவுங்கள். அடுத்து ஒரே ஓர் இழையை மட்டும், அனுப்பும் பக்கத்தை மட்டும் உருவுங்கள். பாதி அறுந்த ஃபைபர்தான் களத்தில் அதிகத் தொல்லை தருவது, ஒரு நிலையம் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நிலையத்தின் மின்சாரத்தை அணையுங்கள். கடைசியாக எல்லாவற்றையும் மறுபடி மாட்டுங்கள், திரும்ப மாட்டும்போதும் இழப்பு எவ்வளவு என்று எழுதுங்கள், பலர் அறுக்கும்போது மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவை ஒவ்வொன்றின்போதும் ரூட்டரின் பதிவேட்டில் ஓஎஸ்பிஎஃப் உறவு மாறியதாக ஒரு வரி வந்தாலும் படி 7-க்குத் திரும்புங்கள்.

இன்று புதிதாக வளையம் போடுகிறீர்கள் என்றால்

802.17 குழு இப்போது இயங்கவில்லை, புது வளையத்துக்கு ஆர்பிஆர் கருவி தேடிப் போக வேண்டாம். ஈதர்நெட் விலை இறங்கிய வேகத்தோடு தனி சிப் கேட்கும் ஒரு தரம் போட்டியிட முடியவில்லை. இன்று உங்கள் கைக்கு வருவது தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியூ-டி-யின் ஜி.8032, ஈதர்நெட் வளையப் பாதுகாப்பு (ஈஆர்பி). முதல் பதிப்பு 2008, பல வளையங்களை இணைக்கும் வசதியோடு இரண்டாம் பதிப்பு 2010. சாதாரண ஈதர்நெட் பிரேம்தான், ஆகவே டிடிஎல் இல்லை, ஆகவே ஒரு துண்டை மூடித்தான் ஆக வேண்டும். மூடிவைக்கும் துண்டுக்கு ஆர்பிஎல் என்று பெயர், அதைக் காக்கும் நிலையம் அதன் உரிமையாளர். எங்காவது வெட்டு விழுந்தால் வெட்டை ஒட்டிய நிலையங்கள் ஆர்-ஏபிஎஸ் என்ற எச்சரிக்கைச் செய்தியை அனுப்பும், உரிமையாளர் ஆர்பிஎல்-ஐத் திறக்கும், எல்லோரும் தாங்கள் கற்ற மேக் முகவரி அட்டவணையை அழித்து மறுபடி கற்பார்கள். 16 நிலையங்களுக்குள், 1200 கிலோமீட்டருக்குள் இருந்தால் 50 மில்லி நொடி என்பது இலக்கு.

மேலே சொன்ன படிகளில் 1, 4, 7, 8 சாரத்தில் பொருந்தும். 5-க்கும் 6-க்கும் இங்கே இணையே இல்லை: ஒதுக்கீடும் கிடையாது, நியாயப் பங்கீடும் கிடையாது. ஒவ்வொரு நிலையத்திலும் உள்ளே நுழையும் போர்ட்டில் நீங்களே வேகத்தைக் கட்டுப்படுத்தி, வளையப் போர்ட்டில் வரிசைகளைப் பிரித்து அதை ஈடுகட்ட வேண்டும்.

போடும் வரிசை இது. ஆர்பிஎல்-ஐ ஹப்புக்கு நேரெதிரே வையுங்கள், அப்போதுதான் ஹப்பின் இரண்டு துண்டும் பயன்படும். ஹப்பை ஒட்டி வைத்தால் 20 கிகாபிட்டில் 10 முதல் நாளே போய்விட்டது. வளையப் போர்ட்டுகளில் ஸ்பேனிங் ட்ரீயை அணையுங்கள். ஆர்-ஏபிஎஸ் செய்திக்கு ஒரு தனி விலான், அதில் வேறு எதுவும் ஓடக் கூடாது, பராமரிப்பு நிலை எண் எல்லா நிலையத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிக் கேபிளை மட்டும் மாட்டாமல் வைத்துக்கொண்டு எல்லா நிலையத்தையும் அமைத்து முடித்து, ஒவ்வொன்றிலும் ஆர்-ஏபிஎஸ் செய்தி வருகிறதா என்று பார்த்த பிறகே அதைச் செருகுங்கள். ஓர் இடத்தில் அமைப்பு தவறினால் பிரேம்கள் சுற்ற ஆரம்பித்துவிடும், இங்கே அவற்றை நிறுத்த ஆயுள் எண் கிடையாது.

வெட்டைக் கண்டுபிடிக்கப் போர்ட் அணைவதை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் வேறொரு கருவி இருந்தால் போர்ட் எரிந்துகொண்டே இருக்கும். 3.33 மில்லி நொடிக்கு ஒருமுறை சிசிஎம் என்ற, இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் செய்தியை ஓட விடுங்கள், மூன்றரை இடைவெளி தவறினால், அதாவது 12 மில்லி நொடிக்குள், வெட்டு தெரிந்துவிடும். கார்ட் டைமர் இயல்பாக 500 மில்லி நொடி, பழைய செய்தி சுற்றி வந்து குழப்புவதைத் தடுப்பது, தொட வேண்டாம். வெட்டு சரியான பிறகு ஆர்பிஎல்-ஐ மறுபடி மூடும் முன் காத்திருக்கும் நேரம் இயல்பாக 5 நிமிடம், அதைக் குறைத்தால் தளர்ந்த கனெக்டர் ஒன்று வளையத்தை நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆட்டிவிடும். மூடிய துண்டு வீணாகிறதே என்று தோன்றினால் விலான்களை இரண்டு குழுவாக்கி இரண்டு ஈஆர்பி நிகழ்வுகளை ஓட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இடத்தில் ஆர்பிஎல். ஆர்பிஆர்-இன் இரண்டு ரிங்லெட்டுகள் தானாகத் தந்ததை இங்கே கையால் பங்கிட வேண்டியிருக்கிறது.

சோதனையில் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். மேக் அட்டவணை அழிந்த அடுத்த கணம் எந்த முகவரி எங்கே என்று யாருக்கும் தெரியாததால் எல்லாப் பிரேம்களும் எல்லாப் பக்கமும் பரவும். போர்ட்டில் ஸ்டார்ம் கன்ட்ரோல் (அளவு மீறிப் பரவும் பிரேம்களை வெட்டும் வசதி) வரம்பை மிகவும் இறுக்கி வைத்திருந்தால் அது இந்தப் பரவலைப் புயல் என்று நினைத்து வெட்டும், வளையம் 50 மில்லி நொடியில் மாறியிருக்கும், வாடிக்கையாளருக்கு மட்டும் சில நொடிகள் இணையம் இருக்காது. பதிவேட்டில் ஜி.8032 சரியாக மாறியதாகக் காட்டி, இழப்பு மட்டும் நூற்றுக்கணக்கில் வந்தால் முதலில் இந்த வரம்பைப் பாருங்கள், அறியாத யூனிகாஸ்ட்டுக்கான (ஒரே முகவரிக்குப் போகும், ஆனால் அது எங்கே என்று தெரியாத பிரேம்களுக்கான) அளவை மட்டும் உயர்த்திவிட்டு, பிராட்காஸ்ட்டுக்கான அளவை அப்படியே வைத்து, மறுபடி அறுத்து எண்ணுங்கள்.